பச்சைக்காயோடு வெந்த சீட்

நனைந்த எலியும் பழைய தேங்காய் நாரும் பெட்ரோலும் கலந்தால் ஒரு நாற்றம் வரும். முதலாளியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து கழற்றிய இரண்டு சீட்டுகளையும் அப்பா எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த அன்று, குமுளிக்குப் பக்கத்து மலையூரான ஆனைக்கரையின் மழையில் கதவைத் திறந்து வைக்கவும் வழியில்லாமல், அந்த நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்துதான் நானும் அவரும் கஞ்சி குடித்தோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா இரண்டாவது பிரசவத்துக்காகக் கம்பத்துக்குப் போயிருந்தாள். அப்பா ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் டிரைவர். நாங்கள் குடியிருந்த "லயம்", அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடும் தோட்டத்துடையதுதான். மழைக்குப் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டதால், அப்பா காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனால் இருட்டும் நேரத்துக்குத் திரும்பி வரும்வரை நான் தனியாகத்தான் இருப்பேன்.

அந்தக் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். பின் சீட் கிடையாது, மேலே துணிக்கூரை. ஷெட்டில் வருடக்கணக்கில் நின்று, சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. மகளைக் கல்யாணத்தன்று அதில் உட்காரவைத்து, தானே ஓட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. கம்பத்தில் ஒரு சீட் பட்டறையில் ஒரு வருடம் இருந்தவர் என்பதால், "நானே செஞ்சு தர்றேன் மொதலாளி" என்று அப்பா ஏற்றுக்கொண்டார்.

மாலை நேரங்களில் வேலை நடந்தது. கிழிந்த தோலைத் தையல் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் புது ரெக்சின் மேல் பரப்பிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டினார். வளைந்த ஊசியால் மணிக்கணக்கில் தைத்தார். துருப்பிடித்த ஸ்பிரிங்குகளின் மேல் சாக்கை இழுத்துக் கட்டி, அதன் மேல் நார், நாருக்கு மேல் பஞ்சு என்று அடுக்கி ரப்பர் "சொல்யூஷன்" தடவி ஒட்டினார். பகல் முழுவதும் அந்தச் சீட்டுகள் என்னுடையவை. ஒன்றில் நான் உட்காருவேன், மற்றதில் அம்மா இருப்பதாக வைத்துக்கொள்வேன். "குமுளி வந்துருச்சும்மா, எறங்குறியா?" என்று கேட்பேன். அம்மாவுக்கும் சேர்த்து நானே பேசுவேன். அப்படி ஒரு துணை அந்த மழையில் எனக்கு வேறு இல்லை.

உறையை மாட்டும் கட்டத்தில்தான் சிக்கல் வந்தது. ரெக்சின் சூடானால்தான் இழுபடும். அதை வெயிலில் காய வைத்து மாட்டுவது வழக்கம். வெயிலைப் பார்த்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தோட்டத்தில் சூடு இருந்த ஒரே இடம் "ஸ்டோர்", அதாவது பறித்து வந்த பச்சை ஏலக்காயைத் தட்டுத்தட்டாகப் பரப்பி, அடுப்புச் சூட்டைக் குழாய் வழியே விட்டு ஒரு ராத்திரி முழுக்க உலர்த்தும் அறை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தோணி மாமா. சாக்கைப் போர்த்திக்கொண்டு இரண்டு சீட்டுகள் வருவதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன செல்லையா, காய்ச்சலா? வேது பிடிக்கக் கூட்டியாந்திருக்கியா?"

"ஒரு மணி நேரம் போதும்ணே. சூடு பட்டாத்தான் இழுத்த இழுப்புக்கு வரும்."

"அடுத்த காய் ஏத்துறதுக்குள்ள எடுத்துரு. ஏலம் பச்சப்புள்ள மாதிரி, பக்கத்துல எது இருந்தாலும் அந்த வாடைய வாங்கிரும்."

அப்பா ஒரு சீட்டை வெளியே எடுத்து உறையை மாட்டி முடித்திருந்தார். அதற்குள் குமுளிக்குப் போக வேண்டும் என்று முதலாளி கூப்பிட்டுவிட்டார். ஓடும்போது அப்பா, ஸ்டோர் வாசலில் நின்றிருந்த என்னிடம் சொன்னார்: "இன்னொண்ணு உள்ள, மூலைத் தட்டுக்கு அடியில இருக்கு பாப்பா. மாமா வந்தா எடுக்கச் சொல்லிரு. மறந்துறாத."

நான் மறக்கவில்லை. மாமா பச்சைக்காய் மூட்டைகளோடு வந்து, "அப்பன் சீட்டெல்லாம் எடுத்துட்டானா?" என்று கேட்டபோது, "எடுத்துட்டாரு மாமா" என்றேன். வாசலில் ஒன்று இருந்ததைப் பார்த்து, மற்றது வீட்டுக்குப் போயிருக்கும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சூட்டில் அதிகம் கிடந்தால் சீட் கெட்டுப்போகும், அப்பா அதை மறுபடி வீட்டுக்குக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்குவார், இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருக்கும் என்பதுதான் என் கணக்கு. ஏலக்காயைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

குமுளிப் பாதையில் மண் சரிந்து, அவர்கள் மறுநாள் காலையில்தான் திரும்பினார்கள். ஸ்டோரைத் திறந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். முதலாளி ஒரு கை காயை அள்ளி மூக்கருகில் கொண்டுபோனார்.

"எந்தா செல்லையா இது? காய்ல டயர் மணக்குது?"

அந்தோணி மாமா என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். பிறகு அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான் மொதலாளி. அந்தோணி அண்ணங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

அன்றே ஜீப் சாவி போனது. மாமா கெஞ்சியதால் வீடு மிஞ்சியது. அப்பாவை "மருந்தடி" கூட்டத்தில் சேர்த்தார்கள். முதுகில் தகர டப்பாவைக் கட்டிக்கொண்டு ஏலச்செடிகளுக்கு மருந்தடித்துவிட்டு, கண் சிவந்து வீடு வருவார். தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மா ஏனென்று கேட்டாள். "வண்டி ஓட்டிச் சலிச்சுப் போச்சு" என்று மட்டும் சொன்னார். என்னிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. தலை வாரிவிடுவார், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவார். அந்தச் சீட்டைப் பற்றி மட்டும் பேச்சு வராது. நானாகச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறேன். அவர் சாகும்வரை அப்படித்தான்.

இன்று அந்தத் தோட்டம் கைமாறி, ஸ்டோர் இருந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகள் இருக்கின்றன. மற்ற சீட் கெட்டுப்போனதால் ஒற்றைச் சீட்டோடு ஷெட்டில் நின்ற காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் லாரியில் ஏற்றிப் போனதாகச் சொன்னார்கள். அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. எனக்காக அப்பா அப்படிப் பொறுத்துக்கொண்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்து நெகிழ்ந்துகொண்டிருந்தேன், போன மாதம் வரை.

நாங்கள் இப்போது கஞ்சிக்கோட்டில் இருக்கிறோம். என் மகன் தினமும் காலையில் ரயிலேறிக் கல்லூரிக்குப் போகிறான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். மூன்று மாதமாக அவன் அங்கே வரவில்லை என்று போன மாதம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. அது எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்ததும் அவன் வீட்டுக்கும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து, ஒலவக்கோடு ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் கிடந்தவனை என் கணவர் கூட்டிவந்தார். "அவன ஒண்ணுங் கேக்க வேண்டாம் உடு. வந்துட்டானல்லோ, அது போதும்" என்றார் கணவர். நானும் கேட்கவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்துப் போட்டேன். ஒரு வாரம் கழித்து, என் பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு அவன் எழுந்து போனபோது எனக்குத் திக்கென்றது.

மறுநாள் மத்தியானம் இந்தச் சீட் கதையை அவனிடம் சொன்னேன். வேறு யாரிடமும் இதற்கு முன் சொன்னதில்லை. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தாத்தாக்குத் தெரியுமில்ல, நீதான்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா உன்ன ஒண்ணுமே கேக்கல?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவன் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நீ என்னைக் கேளும்மா" என்றான்.