அடைக்கோழி

அட்டைப்பெட்டிக்குள் கோழிக்குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்தின. போடியில், பெண்களுக்கு இலவசக் குஞ்சு கொடுக்கும் முகாம். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, அவரு கையெழுத்து வேணும்" என்று படிவத்தை என்னிடம் நீட்டினார் அதிகாரி.

அந்தச் சத்தத்தில் நான் பத்து வயதுக்குப் போய்விட்டேன். ஏலத்தோட்டத்து வேலை முடிந்து அம்மா ஜீப்பிலிருந்து இறங்குகிறாள். வாசலெல்லாம் இறகு. தன் மச்சான் வந்திருக்கிறாரென்று, அடையில் உட்கார்ந்திருந்த கோழியை அப்பா அறுத்துவிட்டார். கூடையில் முட்டைகள் லேசான சூட்டோடு கிடந்தன.

"அடைக்கோழியப் போயி அறுப்பாகளா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"என் வீட்டுக் கோழிய அறுக்க ஒங்கிட்ட என்னத்தக் கேக்குறது?"

அம்மா அந்தக் கோழிக்கே மசாலா அரைத்தாள். பெட்டிக்குள் குஞ்சுகள் மறுபடி கத்தின.

படிவத்தைத் திருப்பித் தள்ளினேன். "வளக்கப்போறது நான் சார். அவரு கையெழுத்து எதுக்கு, அறுக்கவா?"