கருமாதிக்குக் கேட்ட படம்

இலங்கையில் றக்வானைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் 2008இல் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதற்கு நான்தான் பொறுப்பு. ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா கிடந்தவளை ஒரு தொண்டு நிறுவனம் கூப்பிட்டு, மூன்று மாதம் பயிற்சி கொடுத்து, வாசிகசாலையின் பின்னறையில் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தது. பிள்ளைகள் ‘கம்ப்யூட்டர் மிஸ்’ என்று கூப்பிட்டார்கள். அது போதாதா எனக்கு? நடையே மாறிப்போனது. தெரியாது என்ற வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வராது.

அந்த வருஷம் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்த அண்ணன் ஒருவர் மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது குளவி கொட்டிச் செத்துப்போனார். தேயிலை வாதுக்குள் கூடு இருந்திருக்கிறது, கத்தி பட்டுக் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் அவருடைய மனைவி வாசிகசாலைக்கு வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“தங்கச்சி, திருவிழாவுல ஒங்கண்ணன் காவடி எடுத்தப்ப நீ படம் புடிச்சியே, அது இருக்கா?”

“இருக்குக்கா. இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு.”

“அதப் பெருசா எடுத்துக் குடும்மா. கருமாதிக்கு வைக்கணும். எங்கிட்ட வேற படமே இல்ல.”

கல்யாணப் படம் மண் சரிந்த வருஷம் லயத்தோடு போய்விட்டது. அடையாள அட்டையை மரணப் பதிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, அதன் முன்னால்தான் படையல் வைப்பார்கள். இன்னும் பதினொரு நாள் இருந்தது. “நீங்க கவலப்படாம போங்கக்கா” என்று அனுப்பிவைத்தேன்.

அக்கா போனதும் திருவிழாப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தேன். திரையில் கறுப்பாக ஒரு பெட்டி மின்னி மறைந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. வேறு ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தேன், எல்லாம் அப்படித்தான். அதற்கு முந்தின கிழமை பரீட்சைத் தாள் பிரின்ட் எடுக்க இரத்தினபுரியில் ஒரு கடைக்குப் போய், அங்கே செருகிய பென்டிரைவை அப்படியே கொண்டுவந்து நம் மெஷினில் செருகியவள் நான்தான். வைரஸ் அதில்தான் வந்திருக்க வேண்டும். தொண்டு நிறுவனம் கொடுத்த கேமராவிலாவது படம் இருக்குமா என்றால், அதையும் அடுத்த விழாவுக்காகத் துடைத்து வைத்திருந்தேன்.

மறுநாளே பஸ் ஏறி றக்வானை டவுனுக்குப் போனேன். நெட் கஃபேயில் என் வயதுச் சிங்களப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா பார்க்கத்தான் என்றேன். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவளிடம் கேட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் மிஸ் போய் ஒரு கஃபேக்காரியிடம் கேட்பதா என்ற திமிர்தான் தடுத்தது.

இலவச வைரஸ் தடுப்பு என்று தேடினால் வரிசையாகப் பத்துப் பதினைந்து வந்தன. எது நல்லது, எது கள்ளம் என்று எப்படித் தெரியும்? ஒன்று மட்டும் தானாகவே முன்னால் வந்து நின்று, உன் மெஷின் ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. கீழே பச்சைக் கேடயம், அதில் ஒரு சரி அடையாளம், முழுக்க இலவசம். தோட்டத்தில் இலவசமாக வருவதை நாங்கள் கேள்வி கேட்டதில்லை. டிஸ்பென்சரியில் பூச்சி மாத்திரை கொடுத்தால் லயமே வரிசையில் நின்று வாயைத் திறக்கும். யார் செய்தது, எதற்குக் கொடுக்கிறார்கள் என்று யார் கேட்டார்? நானும் அப்படித்தான் வாயைத் திறந்தேன்.

கொண்டுவந்து போட்டதும் அது நூற்றுக்கணக்கில் வைரஸ் இருப்பதாகப் பட்டியல் போட்டது. நீக்கு என்று அமத்தினால் கார்டு நம்பர் கேட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரே கார்டு கிளினிக் கார்டு. அன்றிலிருந்து விளம்பரங்கள் வேறு குதிக்கத் தொடங்கின. அரைகுறை உடுப்போடு ஒரு வெள்ளைக்காரி வந்து நிற்க, பிள்ளைகள் கெக்கே பிக்கே என்று சிரித்தார்கள். நான் சால்வையால் திரையை மூடினேன். பிறகு அந்த விளம்பரத் தொல்லையை நீக்க ஒன்று, அதை நீக்க இன்னொன்று என்று மொத்தம் நான்கு தடவை டவுனுக்கு ஓடினேன். கடைசியாகக் கொண்டுவந்ததும் முதலில் போட்டதும் சண்டை பிடித்து மெஷின் அசையாமல் நின்றது.

பதினான்காம் நாள் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் மலையில் தேயிலை கெட்டுப்போனால் கவ்வாத்து வெட்டுவோம். மொட்டையாக வெட்டினால்தான் நல்ல கொழுந்து வரும். அந்தப் புத்திதான் எனக்கும் வேலை செய்தது. படம் எப்படியும் போய்விட்டது, மெஷினையாவது காப்பாற்றுவோம் என்று, அதோடு வந்த சி.டி.யைப் போட்டு முழுவதையும் அழித்தேன். மெஷின் புதிது போல எழும்பியது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

“வைரஸ் தின்னுருச்சுக்கா” என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“படத்தையுமா திங்கும் அது?” என்று மட்டும் அக்கா கேட்டார். கருமாதியன்று படம் வைக்க வேண்டிய இடத்தில் அண்ணனின் சட்டையை மடித்து வைத்து மாலை போட்டார்கள். வந்தவர்களிடம் அக்கா, “பாவம் இந்தப் புள்ள, நாலு தடவ டவுனுக்கு ஓடுச்சு” என்று என்னைக் காட்டிச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஆறேழு மாதம் கழித்து ஸ்கூல் வேலையாக அதே கஃபேக்குப் போனேன். பென்டிரைவைச் செருகினால் அதே கறுப்புப் பெட்டி. இந்தத் தடவை வாய்விட்டுச் சொன்னேன், எல்லாம் அழிந்துவிட்டது என்று. அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

“மெகிலா நே அக்கே. ஹெங்கிலா தியென்னே.”

அழியவில்லை அக்கா, ஒளிந்துதான் இருக்கிறது என்றாள். எங்கேயோ போய், மறைந்த ஃபைல்களைக் காட்டு என்ற ஒரு கட்டத்தில் சரி போட்டாள், இன்னொன்றில் சரியை எடுத்தாள். அவ்வளவுதான். ஃபோல்டர்கள் எல்லாம் மங்கலாக வந்து வரிசையில் நின்றன. பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு சி.டி.யை எடுத்துப் போட்டாள். இது இலவசம்தான், செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்கியது, தானாக வந்து பயமுறுத்துவதையும் காசு கார்டு கேட்பதையும் தொடாதீங்க என்றாள். எவ்வளவு காலமாக வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கடை திறந்த நாளிலிருந்து என்றாள். நான்கு தடவையும் அந்த லாச்சிக்கு முன்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் படமும் இப்படி ஒளிந்துதான் கிடந்திருக்கும், அழித்தது நான். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அக்காவிடம் சொல்ல மூன்று தடவை அவருடைய லயத்துக் காம்பராவுக்குப் போனேன். மூன்று தடவையும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வருஷத் திவசத்தன்று அவரே பேச்செடுத்தார். சோறு பரிமாறி முடித்து, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தங்கச்சி, அந்தப் படத்த நான் கண்ணால பாக்கவே இல்ல. நீ மட்டுந்தான் பாத்த. அதுல அவரு சிரிச்சிக்கிட்டா இருந்தாரு?”

திருவிழாவில் எத்தனையோ படம் எடுத்தேன். அவர் முகம் அதில் எப்படி இருந்தது என்று எவ்வளவு நினைத்துப் பார்த்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

“ஆமாக்கா” என்றேன். “சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தாரு.”