வளையில் ஏறியிருந்த மருமகன்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சேரும். ஆண் கல்யாணத்தோடு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருகிறவன். ஆகவே வெல்லாவெளியில், மனைவியின் காணிக்குள் நிற்கிற உழவு இயந்திரக் கொட்டிலைப் பற்றி எனக்குக் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது. கருத்து மட்டும் நிறைய இருந்தது.

வெளியே நின்று பார்த்தால் அது வெறும் தகரக் கொட்டில். உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகினால்தான் அது ஒரு பழைய பெரிய வீட்டின் நடுக்கூடம் என்று தெரியும். மண்சுவர்கள் எப்போதோ கரைந்துவிட்டன. ஓடுகள் சூறாவளியோடு போயின. மிஞ்சியவை நான்கு முதிரை மரத் தூண்களும் அவற்றின் தலையில் குறுக்கே உத்தரமாகக் கிடக்கிற இரண்டு வளைகளும்தான். ஓர் ஆணி கிடையாது, எல்லாம் மரமுளை. அந்தக் காலத்து அடுப்புப் புகை ஏறி ஏறி வளைகள் சோற்றுப்பானையின் அடிபோலக் கறுத்திருக்கின்றன. வயது யாருக்கும் தெரியாது. மனைவியின் பெரியமாமா சொல்லும் ஒவ்வொரு முறையும் அவற்றுக்கு இன்னொரு நூறு வயது கூடும்.

மனைவிக்கு அந்தக் கூடம் நிற்க வேண்டும். அவளுடைய தாய்வழிப் பெண்கள் எல்லோரும் அதற்குள்தான் தாலி கட்டிக்கொண்டார்களாம். எனக்கு அது போக வேண்டும். உழவு இயந்திரத்தை உள்ளே விடும்போதெல்லாம் பின்பக்கத் தூண் ஒன்று நகர்ந்துவந்து சக்கரத்து மட்காட்டில் இடிக்கிறது. தூணே இல்லாத இரும்புக் கொட்டில் ஒன்றை நான் மனதுக்குள் கட்டி முடித்து, பெயின்ரும் அடித்துவிட்டிருந்தேன்.

ஒரு நாள் இயந்திரத்தின் இருக்கையில் ஏறி நின்று, எட்டி, வளையில் கத்தியைக் குத்தினேன். பிடிவரை இறங்கியது. பொலபொலவென்று தூள் கொட்டியது.

“உக்கிப்போச்சு,” என்று பெரிய வைத்தியர்போல அறிவித்தேன். “ஆருக்கு மேல எப்ப விழுமோ தெரியாது.”

கீழே நின்ற மனைவியின் முகம் விழுந்துவிட்டது.

“பெரியமாமா வந்து பாக்கட்டும். அவர் கழட்டச் சொன்னா கழட்டுங்க,” என்றாள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. தீர்ப்பு எனக்குத்தான் என்ற தெம்பில் நான் வெள்ளிக்கிழமையே கொட்டிலுக்குள் கிடந்த, வயலுக்குப் போடும் பசளைப் பைகளை ஓரங்கட்டத் தொடங்கினேன். அப்போது கைப்பேசி அடித்தது. பக்கத்து வயல்காரர்.

“எங்க நிக்கிறீங்க?”

“கொட்டிலுக்குள்ள.”

“அங்கயே நில்லுங்க. பெரியவர் வாறார். வாழைப்பக்கத்தால வாறார். நல்ல கோவத்தில இருக்கார்.”

அதோடு தொடர்பு அறுந்தது.

எங்கள் வயல் வட்டையில் நெல் முற்றினால் யானை வரும். பெயரைச் சொன்னால் ஆள் வந்துவிடும் என்று, வயலுக்குள் நிற்கும்போது யாரும் யானை என்று சொல்வதில்லை. ‘பெரியவர்’ என்பார்கள். எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அதே நேரம் பின்பக்கத்தில் வாழை சரசரத்தது; இலை ஒன்று கிழிந்தது.

கோயில் படி ஏறினாலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறவன் நான். இருக்கை, என்ஜினை மூடிய பொனற், வளை என்று எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது. மேலே போய் வளையைக் கட்டிப்பிடித்த பிறகுதான் அது தும்பிக்கைக்கு மிகவும் வசதியான உயரம் என்பது உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தேன். ஊதி ஊதி விடுகிற மூச்சு வாசலுக்கு வந்ததும் பாற்குடத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

“மருமகன், அங்க என்ன செய்யிறீங்க?”

பெரியமாமா. வெயிலுக்கு ஒரு வாழையிலையைத் தலைக்குமேல் பிடித்திருந்தார். பின்னால் பிளாஸ்கோடு மனைவி.

“வளையைப் பாக்கிறன் மாமா.”

“கண்ணை மூடிக்கொண்டா?”

“இல்ல… பெரியவர் வாறார் எண்டு பக்கத்து வயல்காரர் போனில சொன்னவர்…”

“ஓம், நாந்தான் சொல்லச் சொன்னன். கூடத்தைக் கழட்டப் போறீங்களாமே, ஞாயிறு மட்டும் பொறுக்க ஏலுமா? கோவமா வாறன் எண்டும் சொல்லச் சொன்னன்.”

மனைவிக்கு விசயம் விளங்கிவிட்டது. பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, பசளைப் பையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மாமாவுக்கு என்னில் அக்கறை இல்லை. வளையின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கொஞ்சம் குலுக்கிப் பாருங்க மருமகன்.”

குலுக்கினேன். நான் மட்டும் குலுங்கினேன்.

“இன்னும் கொஞ்சம் பலமா.”

வளை ஒரு முனகல்கூட விடவில்லை. என் மூக்குக்கு நேரே ஒரு குளவிக்கூடு ஒட்டியிருந்தது. காய்ந்த மண். அதன் நடுவில் என் கத்தி இறங்கிய ஓட்டை. பக்கத்தில் நகத்தால் கீறிப் பார்த்தேன். கரி வந்தது, உள்ளே முதிரை மஞ்சளாகப் பளபளத்தது. நகம்தான் உடைந்தது.

“ஆனை ஏறினாலும் அசையாது எண்டு அப்பவே சொன்னன்,” என்றார் மாமா, என் வயிற்றைப் பார்த்துக்கொண்டு. “தகரத்தை மட்டும் மாத்துங்க.”

மனைவி எழுந்துவந்து தூணில் கை வைத்தாள். நான் மெல்ல ஒரு காலை பொனற்றை நோக்கி இறக்கினேன்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள். “மற்ற வளையும் இருக்குத்தானே. அதிலயும் ஒருக்கா ஏறிப்போட்டு இறங்குங்களன்.”