கடலில் போன டேனியலும் வராத கமாண்டரும்

விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் வேலை பார்த்தவனுக்கு ஒரு காது போய்விடும். மிச்சமிருக்கிற காதில் திட்டு மட்டும்தான் விழும். என்னைப் போலவே அந்தத் தளத்தில் எண்ணெய்ப் புகை குடித்து, உப்புக் காற்றில் உதடு வெடித்து, கடைசியில் ஓய்வுப் பரிசாகக் கிடைத்த ஒரு சுவர்க்கடிகாரத்தோடு வீடு வந்து சேர்ந்தவர்கள் தாம்பரம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். உங்களுக்குப் புரிந்தால் போதும்.

கல் பொறுக்கிகள்

எங்கள் ஸ்குவாட்ரன், அதாவது போர்விமானப் பிரிவு, எப்போதும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் என்று ஊரில் நினைத்தார்கள். உண்மையில் அது காவல் வேலை. நடுக்கடலில் எதிரி விமானம் கப்பலை நெருங்குவதற்குள் எங்கள் போர்விமானங்கள் எழும்பிப் போய் மறிக்க வேண்டும். எங்கள் விமானத்தைக் கெடுக்கவோ ஒரு வாஷர் போதும். இன்ஜின் அதை உறிஞ்சிக்கொண்டால் கதை முடிந்தது. அதனால் தினமும் காலையில், அதிகாரி, சமையல்காரன் என்று பார்க்காமல் எல்லாரும் தளத்தின் குறுக்கே தோளோடு தோள் நின்று, குனிந்த தலையோடு நடந்து, ஆணி, கம்பித்துண்டு, கல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவோம்.

அந்தப் பழக்கம் லீவிலும் விடாது. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனால் சட்டைப் பை கனக்கத்தான் திரும்புவேன். அதையெல்லாம் மேசையில் கொட்டியதைப் பார்த்து என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது: "கத்திரிக்கா வாங்கியாரச் சொல்லி அனுப்பினா, ரோட்ல கெடக்குற போல்ட்டெல்லாம் பொறுக்கினு வந்து நிக்கிறாருக்கா இந்த மனுசன்!"

டேனியல் சார்

லெப்டினன்ட் டேனியல் சேலையூர்ப் பையன். விமானிகளில் என்னோடு தமிழில் பேசியவர் அவர் ஒருவர்தான். சுற்றிலும் ஆள் இல்லையென்றால் என்னை "அண்ணா" என்பார். நான் லீவுக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில் ஒரு எட்டு போய், அவருடைய அம்மா ஜெயமணி டீச்சர் கட்டித் தருகிற பொட்டலத்தை வாங்கி வருவேன். அப்பா இல்லாத ஒரே பிள்ளை.

விமானம் கிளம்புவதற்கு முன் சக்கரத்திலும் ஏவுகணையிலும் மாட்டியிருக்கும் பாதுகாப்புப் பின்களை உருவி, அவற்றின் சிவப்பு நாடா பறக்க விமானிக்குத் தூக்கிக் காட்டுவது என் வேலை. அவர் எண்ணிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டுவார். விமானம் திரும்பி வரும்வரை பின்கள் என்னிடம்தான் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். ஏணியில் ஏறி அவருக்கு இருக்கை வாரைக் கட்டிவிட்டேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் ராடார் திரையில் இருந்த புள்ளி மறைந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டை மூடுவதற்கு முன் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது: "அண்ணா, இந்த வாட்டி அம்மாகிட்ட நெத்திலிக் கருவாடு மட்டும் குடுத்துவிடச் சொல்லுங்க, முறுக்கு வேணாம், நமுத்துப் போவுது."

கமாண்டர் கொடுத்த வாக்கு

எங்கள் ஸ்குவாட்ரன் கமாண்டர் பாலக்காட்டுக்காரர். தமிழ் நன்றாகத் தெரியும். கப்பலில் எங்களிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. அதையும் நான் மறக்கவில்லை. தேடி முடித்து, ஒன்றும் கிடைக்காமல், கடலில் மலர்வளையம் விட்டபோது எங்களை வரிசையில் நிறுத்தி இங்கிலீஷில் சொன்னார்: "இந்தச் செய்தியை அவருடைய தாயாரிடம் நானே நேரில் போய்ச் சொல்வேன்." தளத்தில் நின்ற அத்தனை பேரும் கேட்டோம்.

அவர் போகவில்லை. டேனியல் சாரைப் பார்த்தே இராத வேறு யாரோ ஒரு அதிகாரி ஒரு காகிதத்தோடு சேலையூருக்குப் போயிருக்கிறார். அடுத்த லீவில் நான் போனபோது டீச்சர் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கணவர் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். உடல்தான் இல்லை, பெயர் எழுதி ஒரு சிலுவையாவது நடலாம் என்று சபையில் கேட்டிருக்கிறார்கள். சம்மதிக்கவில்லையாம். காரணத்தை என்னிடம் சொன்னார்: "அவனை அனுப்புன மனுஷன் வந்து, என் மூஞ்சியப் பார்த்து, தேடினோம்மா கெடைக்கலன்னு சொல்லட்டும் தம்பி. அதுவரைக்கும் நான் சிலுவை நடமாட்டேன்."

விமானங்களுக்கு ஓய்வு

ஸ்குவாட்ரனுக்கும் வயதாகும். முதலில் இருந்தவை கப்பலிலிருந்து கவண்கல் போல எறிந்து அனுப்பப்பட்ட ஜெட்டுகள். அதெல்லாம் எனக்கு முந்திய காலம். அப்புறம் வந்தவை எங்கள் விமானங்கள். ஹெலிகாப்டர் மாதிரி நின்ற வாக்கில் இறங்கும். அவற்றுக்கும் ஒருநாள் விழா நடத்தி ஓய்வு கொடுத்துவிட்டு, அதே ஸ்குவாட்ரன் பெயரில் ருஷ்ய ஜெட்டுகளைப் பறக்க விட்டார்கள். விழாவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. டிவியில்தான் பார்த்தேன். முன்வரிசையில் தலை நரைத்த நம் கமாண்டர், கோட்டு போட்டுக்கொண்டு கை தட்டிக்கொண்டிருந்தார்.

நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்த முடிச்சூர் பழனிக்கு போன் போட்டு அரைமணி நேரம் திட்டித் தீர்த்தேன். வெள்ளத்தில் வீடே முழுகியபோதுகூட யாரையும் திட்டாதவன் அவன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "பிளேனுக்கே ரிட்டயர்மென்ட் குடுத்துட்டாங்க மச்சான், ஒன் கோவத்துக்கு எப்போ குடுக்கப் போற?"

நாவலூர் கேட்டில்

இப்போது நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருக்கிறேன். கார் பின்னால் எடுப்பவர்களுக்கு என்னை அறியாமல் விமானத்துக்குக் காட்டுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்கி வீசிவிடுவேன். "அண்ணா, நான் பார்க்கிங்தான் பண்றேன், டேக் ஆஃப் இல்ல" என்று ஒரு ஐடி பொண்ணு சொல்லும். போன மாதம் அந்தப் பொண்ணு காரில் முன்சீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். என் கையசைப்பைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார். கமாண்டர்! மகள் வீட்டில் தங்க வந்திருக்கிறார்.

சல்யூட் அடிக்க எழும்பிய கையை இறக்கிவிட்டேன். "டேனியல் சாரோட அம்மா இன்னும் இருக்காங்க சார். நீங்க வருவீங்கன்னுதான் இருக்காங்க" என்றேன். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த டேனியல் என்று அவர் கேட்டிருந்தால், சத்தியமாக, சட்டையைப் பிடித்திருப்பேன். அவர் கேட்கவில்லை. காரை விட்டு இறங்கி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக என்னிடம் தமிழில் பேசினார்: "ஒரு தடவை தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். எறங்க முடியல. ரயில்லயே உக்காந்துட்டேன். இப்போ நீ கூட வரியா?"

சேலையூரில்

ஞாயிற்றுக்கிழமை போனோம். டீச்சருக்கு முதுகு கூனிவிட்டது, நினைவு மட்டும் தெளிவு. கமாண்டர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "தேடினோம்மா. மறுநாள் பொழுது சாயுற வரைக்கும் தேடினோம். அப்புறம் கப்பலைத் திருப்பச் சொல்லி உத்தரவு வந்துது. இன்னும் கொஞ்ச நேரம் குடுங்கன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல." நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இது எங்கள் யாருக்கும் தெரியாது.

டீச்சர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "இத சொல்றதுக்கா இவ்வளவு வருஷம் ஆச்சு ஒங்களுக்கு? உக்காருங்க" என்றார். அடுத்த வாரமே சிலுவை நட்டாயிற்று. கமாண்டர் ஒரு பக்கம், நான் கூட்டிப்போன பழனி ஒரு பக்கம் சிலுவையைத் தாங்கிப் பிடிக்க, டீச்சர் தன் கையால் மண் போட்டார். திரும்பும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருக்கலாமேம்மா" என்றேன். என் தோளைப் பிடித்து நடந்துகொண்டே சொன்னார்: "எனக்கும் சேத்து நீதானேப்பா இத்தன வருஷமா கோவப்பட்டுட்டு இருந்த, அது போதும்."

டீச்சர் மன்னித்துவிட்டார், கமாண்டர் பாரம் இறக்கிவிட்டார். சீருடை முதல் ஸ்பேனர் வரை எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்ட எங்கள் ஸ்குவாட்ரனில், இந்தக் கோபத்தை ஒப்படைக்க மட்டும் ஒரு கவுன்ட்டர் இல்லை.