ஒன்பது நாள் நடந்தவர்

1

போனில் பிசியோதெரபி பார்க்கச் சொன்ன அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. நோயாளியைத் தொடாமல் என்ன சிகிச்சை? இரண்டாயிரங்களின் நடுவில், எர்ணாகுளத்தில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒரு கிளினிக்கில் வேலையில் இருந்தேன். மட்டாஞ்சேரிப் பக்கத்து வயதானவர்களுக்கு மூட்டுவலி, சர்க்கரை, இருதயம், மூச்சிரைப்பு என்று ஒரே உடம்பில் நாலைந்து இருக்கும். போட் ஏறி வந்து சேர்வதற்குள் துவண்டுவிடுவார்கள். அதனால் தினமும் காலையில் நாங்களே போன் செய்து பயிற்சி கொடுப்பது என்று எங்கள் டாக்டர் ஏற்பாடு செய்தார்.

முருகேசன் சார் ஓய்வுபெற்ற ஹவில்தார். எழுபத்து நாலு வயது. தாத்தா காலத்தில் இங்கே வந்த தமிழ்க் குடும்பம். மனைவி இறந்தபின், பஜாரில் ஒரு சுக்கு குடோனின் மாடியில், பலகைத் தளம் போட்ட அறையில் தனியாக இருந்தார். இருதயம் பலவீனம், நுரையீரலும் சரியில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைக்கும் ஸ்பாட் மார்ச்தான் அவருக்கு முக்கியமான பயிற்சி. ஸ்பீக்கரைப் போட்டு போனைக் கட்டிலில் வைத்துவிடுவார். பலகையில் அடி விழும் சத்தத்தைக் கேட்டு நான் எண்ணி சார்ட்டில் எழுதுவேன். முதல் மாதம் முப்பதைத் தாண்டவில்லை. நடுவில் ஏதாவது கேட்டால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மூச்சு இருக்காது.

2

பிறகு ஒரு திங்கட்கிழமை அறுபது அடி. மறுநாள் எழுபது. பூட்ஸ் போட்டு நடப்பதுபோல் கனமான, சீரான அடிகள். நல்ல முன்னேற்றம் என்று பாராட்டினேன். அவர் உம் கொட்டினார். ஒன்பது நாள் சார்ட்டை டாக்டரிடம் காட்டி நானும் பாராட்டு வாங்கிக்கொண்டேன்.

பத்தாம் நாள் எண்பதை எண்ணிக்கொண்டிருந்தபோது, மாத்திரை போட்டாரா என்று கேட்டேன். போட்டேன் என்றார். குரல் போனுக்கு வெகு அருகில் கேட்டது, படுத்திருப்பவரின் குரல். நடை அறையின் மறுகோடியில் இருந்தது. அவர் பேசும்போதும் அதன் தாளம் தப்பவில்லை.

"சார், இப்ப நீங்கதான் நடக்கிறீங்களா?"

"இல்ல மோளே."

"பின்ன யாரு?"

"தங்கப்பன்."

அப்படி ஒரு பெயரை அவர் அதுவரை சொன்னதில்லை. என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. அந்த நடை நிற்கவில்லை.

அவசரத்துக்குக் கூப்பிட குடோன் மேஸ்திரி ஹம்ஸாக்காவின் நம்பர் எங்களிடம் இருந்தது; இங்கே 'இக்கா' என்றால் அண்ணன். லைனைத் துண்டிக்காமல் பக்கத்து மேசை போனில் அவரை அழைத்து, உடனே மேலே போகச் சொன்னேன். ஒரு காதில் அந்த நடை. பிறகு மாடிப்படியில் வேறொருவர் ஓடி ஏறும் சத்தம். கதவு திறந்தது. நடை நின்றது.

ஹம்ஸாக்கா போனை எடுத்தார். "மேடம், மூப்பரு கட்டில்ல கெடக்குறாரு. ரெண்டு காலும் நீரு வெச்சு வீங்கியிருக்கு. உதடெல்லாம் நீலமா இருக்கு."

"கூட யார் இருக்காங்க?"

"ஆரும் இல்லயே."

3

அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார்கள்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். பத்து நாளாகக் காலில் நீர் ஏறி நிற்கவே முடியவில்லையாம். கக்கூஸுக்கே சுவரைப் பிடித்துத்தான் போயிருக்கிறார். பட்டாளத்தில் இருந்தவன் முடியாது என்று சொல்வதற்கு வெட்கமாக இருந்ததாம்.

தங்கப்பன் யார் என்று தயங்கிக் கேட்டேன். பனிமலை முகாமில் அவரோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர்.

"அன்னைக்கும் எனக்குக் காலு இப்பிடித்தான் வீங்கிப்போச்சு. எனக்குப் பதிலா அவன் காவலுக்குப் போனான். திரும்பி வரல. இப்பவும் எனக்குப் பதிலாத்தான் வந்தான்."

மூளைக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் இல்லாத ஆள் தெரியும் என்று டாக்டர் விளக்கினார். படித்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஆக்ஸிஜன் சரியாகத்தான் இருந்தது. போன் ஆட்களைக் கூப்பிட்டு லைனையும் சோதிக்க வைத்தேன். கோளாறு இல்லை என்றார்கள்.

சார்ட்டில் அந்த நாட்களின் எண்களை அடித்துவிட்டு, 'நோயாளி நடக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் அதைப் படித்தார்.

"அப்போ நீ எண்ணினது ஆரோட அடி?"

நான் சார்ட்டைத் திரும்ப வாங்கி ஃபைலில் வைத்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணிக்கை ஏறினால் சந்தோஷப்படும் முன் உடம்பை விசாரியுங்கள். கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுகிறதா, மூச்சு முட்டாமல் இருக்க எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், செருப்பு இறுக்குகிறதா என்று கேளுங்கள். முடியவில்லை என்று சொல்ல அவருக்கு இடம் கொடுங்கள்.

வீடு திரும்பிய முதல் நாள் முருகேசன் சார் பதினோரு அடி வைத்தார். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அந்தப் பதினொன்றை சார்ட்டில் எழுதியபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.