மூக்கு வழியே வந்த சிராப்

என் மேல்வாய்ப் பிளவைத் தைத்து மூடிய சில வாரங்களிலேயே தையல் ஓரிடத்தில் விட்டுப்போனது. மிஞ்சியது மிளகளவு ஓட்டைதான். ஆனால் எதைக் குடித்தாலும் கொஞ்சம் மூக்கு வழியே வந்துவிடும்; பேச்சும் மூக்காலேயே வரும். இன்னும் வளரட்டும், மறுபடி தைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை வெளியாட்கள் முன்னால் நான் குடிப்பதில்லை, பேசுவதும் இல்லை. எட்டு வயதுக்குள் அதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு, அப்பாவின் ஒரே தங்கையான அத்தையைப் பெண் பார்க்க ரவாங்கிலிருந்து வந்தார்கள். அம்மா என்னை அடுப்படியிலேயே இருக்கச் சொல்லியிருந்தாள். ஆனாலும் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டார். கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, தனக்குக் கொடுத்திருந்த சிராப்பை, அந்தச் சிவப்பு ரோஜா சர்பத்தை, கிளாஸோடு நீட்டினார்.

"குடி பாப்பா, வெக்கப்படாத லா."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அதற்குக் குடித்துவிடுவதே மேல் என்று தோன்றியது. குடித்தேன். மூக்கிலிருந்து சிவப்பாக வழிந்து வெள்ளைக் கவுனை நனைத்தது.

"ஐயோ, ரத்தம்!" என்று அவர் எழுந்தேவிட்டார்.

அம்மா ஓடிவந்து துடைத்தாள். "ரத்தமில்லீங்க, சிராப்தான். புள்ளைக்குச் சளி, பொறையேறிடுச்சு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அம்மாவின் பொய்யை அவர்கள் நம்பிவிட வேண்டுமே என்று தரையைப் பார்த்தபடி வேண்டிக்கொண்டேன். அப்போதுதான், அதுவரை தலைகுனிந்திருந்த அத்தை பேசினாள்.

"சளி இல்ல ஆன்டி. பொறக்கும்போதே மேல்வாயில பிளவு. ஆப்பரேஷன் செஞ்சாங்க, தையல் விட்டுப்போச்சு. மறுபடி செய்வாங்க."

"உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி...?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல ஆன்டி. இருந்தா சொல்லியிருப்பேன்."

வந்தவர்கள் கேசரியைப் பாராட்டினார்கள். கலந்துபேசிச் சொல்வதாகக் கூறிப் புறப்பட்டார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

"யாரு உன்னைய வாயத் தொறக்கச் சொன்னது?" என்று அம்மா அத்தையிடம் அழுதாள்.

"அவ என்ன தப்பு செஞ்சா அண்ணி, மறைக்கிறதுக்கு?" என்றாள் அத்தை.

எனக்கும் அத்தை மீதுதான் கோபம். அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று அவளோடு பேசுவதையே நிறுத்தினேன். அடுத்த வருடம் மறுபடி தைத்தபோது ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவள் அவள்தான். அங்கேயும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எதையோ இழந்தது நான் மட்டும்தான் என்றே நினைத்திருந்தேன்.