கீல் உடைந்த பல்லாங்குழி

பத்து வயதில் என் அம்மாவின் பல்லாங்குழியை நான் உடைத்தேன். என் அத்தை மகன் உடைத்ததாக எல்லோரும் நம்பினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அறுபது ஆண்டுகளும் திறக்கவில்லை.

இந்த ஆண்டு திறக்க வைத்தது என் பேத்தியின் வீடியோ கேம். கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்தவள், மனைவி போன பிறகு நான் செய்தி கேட்க மட்டுமே வைத்திருந்த டிவியில் அதை மாட்டினாள். ஒருவரை ஒருவர் அடித்து மேடையிலிருந்து தள்ளும் சண்டை ஆட்டம். ஆனால் அதில் இருந்தவர்கள் யாரும் சண்டைக்கென்று பிறந்தவர்கள் அல்ல. வேறு வேறு ஆட்டங்களில் தம் பாட்டுக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கூட்டி வந்து ஒரே மேடையில் விட்டிருந்தார்கள். பயிர் வைக்கும் ஆட்டத்திலிருந்து வந்த கிழவன் விதையை எறிந்தான். அது முளைத்து எதிராளியின் காலைச் சுற்றும்வரை அவன் அடி வாங்கிக்கொண்டு பொறுமையாக நிற்க வேண்டியிருந்தது. ஹெல்மெட் போட்ட ஒரு பெண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாள்.

"இவ கார் ரேஸ்லேருந்து வந்தவ தாத்தா. ஓடிட்டே இருந்தாத்தான் பலம். நின்னா ஊதினாலே விழுந்துடுவா."

"எல்லா அடியையும் எல்லாருக்கும் குடுத்துட்டா என்ன?" என்றேன்.

"அப்புறம் எதுக்கு இத்தனை பேரு? ஒரே ஆள் போதுமே."

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். இதே கேள்வியை நான் வேறொருவனிடம் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்.

வலையபட்டியில் அத்தை இறந்ததும், பையன் காரைக்குடியில் படிக்கட்டும் என்று அப்பா அவனை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவன். நான் ஒற்றைப் பிள்ளை. அவன் வரும்வரை பேச்சுத் துணைக்கு எனக்குக் கிணற்றடிப் பூனைதான் இருந்தது. அவன் வந்த பிறகு பூனையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கோடையில் அவன் ஓர் ஆட்டம் கண்டுபிடித்தான். அம்மாவின் பல்லாங்குழிதான் களம். தீப்பெட்டி அட்டையில் வெட்டியவர்கள்தான் வீரர்கள். புளியங்கொட்டைகள் அவர்களுடைய உயிர். கபடிக்காரன் எதிரியின் குழிகளுக்குள் போகலாம், ஆனால் அவனை நகர்த்துகிறவன் மூச்சு விடாமல் கபடி கபடி என்று சொல்ல வேண்டும். மூச்சு விட்டால் ஆள் காலி. கட்டம் போட்டு நொண்டியடிக்கும் பாண்டி ஆட்டக்காரிக்கு ஒற்றைக் கால்தான், ஒரு குழி விட்டு ஒரு குழிதான் தாண்டுவாள். ஆடு புலி ஆட்டத்திலிருந்து வந்த நான்கு ஆடுகளுக்கு அடிக்கவே தெரியாது, சூழ்ந்து நிற்க மட்டும் தெரியும். புலி, பக்கத்தில் நிற்பவரைத் தாண்டினால் அவர் உயிர் போயிற்று. நான் எப்போதும் புலி. புலி என்றால் ஜெயிப்பது அதன் பிறப்புரிமை என்பது என் எண்ணம்.

"புலிக்கும் கபடி அடி வேணும்" என்று ஒருநாள் கேட்டேன்.

"புலி எங்கிட்டுக் கபடி ஆடுச்சு? அது எந்த ஆட்டத்துலேருந்து வந்துச்சோ, அங்க தெரிஞ்சதத்தேன் இங்கயும் செய்யும்."

"நீயா சொல்ற."

"பெறகு? போயி புலிக்கிட்டக் கேட்டுட்டு வா மாப்ள, நான் இருக்கேன்."

அந்தப் பல்லாங்குழி, கண்டரமாணிக்கத்திலிருந்து அம்மா கல்யாணமாகி வந்தபோது சீராக வந்தது. நடுவில் பித்தளைக் கீல் வைத்து மீன் வடிவத்தில் மடிக்கும் பலகை. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வந்த சீர் கடைசிவரை பெண்ணுடையதுதான். புருஷன் வீட்டார் கைபட்டு அதற்கு ஒன்று ஆகிவிட்டால், அவளுடைய பிறந்த வீட்டுக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லித்தான் அம்மா எங்களுக்குக் கொடுத்திருந்தாள்.

ஒரு மாலை என் புலி மூலைக் குழியில் மாட்டிக்கொண்டது. நான்கு ஆடுகளும் வந்து நின்றுவிட்டன. தாண்டுவதற்கு அப்பால் காலிக் குழி இல்லை.

"புலி சாகல மாப்ள. நகர வழியில்ல, அம்புட்டுத்தேன்" என்று சிரித்துவிட்டு அவன் தண்ணீர் குடிக்கப் போனான்.

நான் பலகையை ஓர் உதை விட்டேன். அது தூணில் மோதியது. கீலின் ஆணிகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தன. ஆணிகளைக் கட்டை விரலால் அழுத்திப் பொருத்தி, பலகையை மடித்துத் துணிப்பையில் போட்டு மாடத்தில் வைத்தேன். அவன் திரும்பி வந்தபோது, இன்றைக்கு ஆட்டம் போதும் என்றேன். தோற்றதற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை அம்மா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் பலகையை எடுத்து வந்து பிரித்தான். அது இரண்டாகக் கையோடு வந்தது. ஒரு கையில் ஒரு பாதி, இன்னொரு கையில் இன்னொரு பாதி. அவன் தன் கைகளையே மாறி மாறிப் பார்த்தான்.

"அத்தை, நாந்தேன். கொஞ்சம் வெடுக்குன்னு தொறந்துட்டேன்" என்றான்.

நான் பக்கத்தில் இட்லி தின்றுகொண்டிருந்தேன். தொடர்ந்து தின்றேன்.

அம்மா பெரிதாகத் திட்டவில்லை. அப்பாதான் கொதித்தார். அப்பா தன் அக்காள் மகனை வீட்டில் வைத்துச் சோறு போடுவதை அம்மாவின் அண்ணன் ஏற்கெனவே ஒரு விசேஷத்தில் குத்திப் பேசியிருந்தாராம்.

"ஒன் சீரை எங்க வீட்டுப் பிள்ளை ஒடச்சுட்டான்னு ஒன் அண்ணன் கேட்டா, நான் மூஞ்சிய எங்க வச்சுக்கிர்றது?"

"யாரு கேக்கப் போறாக? பச்சப்பிள்ள, விடுங்க."

அப்பா விடவில்லை. இரண்டு நாளில் அவனை வலையபட்டிக்கு பஸ் ஏற்றினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் விழப்போவது இரண்டு அறை, அவ்வளவுதான். அந்த இரண்டு அறைக்குப் பயந்தேன். அவன் ஒரு வாரத்தில் வந்துவிடுவான் என்றும் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவன் வரவில்லை. அவனுடைய அப்பா அவனை ஆத்தங்குடியில் சிமெண்டுத் தளக்கல் போடும் பட்டறையில் சேர்த்துவிட்டார். பள்ளிக்கூடம் அதோடு சரி. நான் கல்லூரிவரை படித்து, அரசு வேலை பார்த்து, ஓய்வும் பெற்றேன். அந்தக் கோடையில் அவன் போன பிறகு தரையில் சுண்ணாம்பால் குழி வரைந்து, நானே ஆடாகவும் நானே புலியாகவும் ஆடிப் பார்த்தேன். ஆடு எங்கே வரும் என்று புலிக்கு முன்பே தெரிந்திருந்தது. நான்கு நாளில் விட்டுவிட்டேன்.

கல்யாணம், சாவு என்று பார்த்துக்கொள்வோம். சௌக்கியமா என்பான், சௌக்கியம் என்பேன். அதற்கு மேல் போனதில்லை.

பேத்தி ஊருக்குப் போன மறுநாள் நான் ஆத்தங்குடிக்குப் போனேன். அவன் வீட்டில் இருந்தான், அவன் மனைவியும் மகனும் கூட இருந்தார்கள். "வாங்க மாப்ள, என்ன திடீர்னு?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். தனியாகச் சொன்னால் மன்னிப்பைப் பாதிதான் கேட்டதாகும் என்று மூவர் முன்னும் சொன்னேன். உதைத்தது, ஆணியை அழுத்தி வைத்தது, இட்லி தின்றது, எல்லாவற்றையும்.

மகன்தான் முதலில் பேசினான். "அப்பா, நீங்க ஒடச்சதாத்தானே சொல்லுவீக?"

அவன் மனைவி என் பக்கம் திரும்பினாள். "இந்தப் பிள்ளைக ஒரு டம்ளரைக் கீழ போட்டாப் போதும்ணே. 'கை அடங்காமத்தேன் என் படிப்பே போச்சு, ஒங்களுக்கும் அப்புடி ஆகணுமா'ம்பாக. எத்தனை வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கோம்!"

அவன் சிமெண்டு அரித்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் ஒடைக்கலையா?" என்றான்.

"இல்லை."

"நான் ஒடச்சேன், மாமா அனுப்புனாக. ஞாயந்தேன்னு இருந்துட்டேன். மாமா மேல ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. இப்ப வந்து இல்லைங்கிறீக. இனிமே நான் என்னன்னு நெனைக்க?"

மன்னித்துவிடு என்றேன். அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். வெகுநேரம் காத்திருந்தேன், வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்கண்ணே" என்றாள் அவன் மனைவி.

பத்து நாள் கழித்து மகன் போன் செய்தான். அப்பா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை என்றும், திடீர் திடீரென்று என் அப்பாவின் பேரைச் சொல்லி ஏசுகிறார் என்றும் சொன்னான். "கொஞ்ச நாளைக்கு இங்குட்டு வராதீக மாமா" என்றான்.

பழி என்பது அன்றைய பொழுதோடு அடங்கிவிடும் ஏச்சு என்றுதான் பத்து வயதில் நினைத்தேன். ஒருவன் அதை உண்மையென்று நம்பி, தன் வாழ்க்கைக்கு அதையே காரணமாக வைத்து, யாரையும் வெறுக்காமல் வாழ்ந்துவிடக்கூடும் என்று அந்தப் பத்து வயதுப் பையனுக்குத் தெரியாது. இந்த வயதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மகன் சொன்ன கொஞ்ச நாள் எவ்வளவு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் அத்தை மகனே கூப்பிடும்வரை போவதாக இல்லை.